கரையும் தையலா, பிரிக்கும் தையலா? வெட்டுக்காயத்துக்கு எது நல்லது?

அரிவாள்மணையில் மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போது கை வழுக்கிவிடுகிறது. ஓடி விளையாடும் குழந்தை கட்டில் முனையில் மோதி, புருவத்தைக் கிழித்துக்கொள்கிறது. பைக்கிலிருந்து விழுந்தவரின் முழங்கால் பிளந்துகொள்கிறது. எல்லா வீட்டிலும் எப்போதாவது இப்படி ஒன்று நடந்திருக்கும். கையில் கிடைத்த துணியை வைத்து அழுத்தியபடி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். மரத்துப்போக ஊசி போட்டு, நாலைந்து தையல் போட்டு, கட்டுக் கட்டி அனுப்பிவிடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்து மூச்சு விட்ட பிறகுதான் சந்தேகம் கிளம்பும். “இது தானா கரையுற தையலா, பிரிக்கணுமா? டாக்டர் என்னங்க சொன்னார்?” பதற்றத்தில் யார் காதிலும் அது விழுந்திருக்காது. “கரையுற நூல்தான் ஒசத்தி. தழும்பே விழாது” என்பார் ஒருவர். “அதெல்லாம் உள்ளேயே தங்கிச் சீழ் வைக்கும்” என்பார் இன்னொருவர்.

இரண்டுமே முழு உண்மை இல்லை. சாதாரண வெட்டுக்காயங்களில் இந்த இரண்டு நூல்களின் பலனும் ஏறக்குறைய ஒன்றுதான். எந்த நூல் என்பதைவிட, தைப்பதற்கு முன் காயம் எவ்வளவு நன்றாகக் கழுவப்பட்டது, தையல் எத்தனை நாள் தோலில் இருந்தது என்ற இரண்டும்தான் தழும்பைத் தீர்மானிப்பதில் பெரிய பங்கு வகிக்கின்றன. இவை இரண்டிலும் நம் பங்கும் இருக்கிறது.

தையல் உண்மையில் என்ன செய்கிறது?

காயத்தை ஆற்றுவது தையல் அல்ல, நம் உடம்புதான். பிளந்த தோலின் இரண்டு ஓரங்களையும் ஒன்றோடொன்று பொருத்திப் பிடித்துக்கொள்வது மட்டுமே நூலின் வேலை. அந்தப் பிடிப்புக்குள் உடம்பு மெல்ல மெல்லப் புதிய திசுவைக் கட்டி முடிக்கும்.

இது நாம் நினைப்பதைவிட நிதானமாக நடக்கும் வேலை. முதல் வார முடிவில், காயம்பட்ட இடத்தின் வலிமை பழைய தோலின் வலிமையில் 100-ல் 5 பங்குகூட இருக்காது. 3 வாரத்தில் சுமார் 20 பங்கு வரும். 3 மாதத்தில் சுமார் 80 பங்கை எட்டும். அதற்கு மேல் பழைய நிலைக்கு முழுதாக அது திரும்புவதே இல்லை.

அதனால், மேலே பார்க்க ஒட்டிவிட்டதுபோலத் தெரிந்தாலும், தையல் பிரித்த அன்றைக்கே தண்ணீர்க் குடம் தூக்குவதோ கிரிக்கெட் ஆடப் போவதோ கூடாது. முழங்கால், முழங்கை மாதிரி மடங்கி நீளும் இடங்களில் இன்னும் அதிகக் கவனம் வேண்டும்.

பிரிக்க வேண்டிய தையல்

உடம்பால் சுலபத்தில் கரைக்க முடியாத நூலால் போடப்படுவது இது. தோலின் மேல் பெரும்பாலும் நைலான் அல்லது பாலிபுரோப்பிலீன் நூலைப் பயன்படுத்துகிறார்கள். மருத்துவமனைகளில் எத்திலான், புரோலீன் என்ற பெயர்களில் அழைப்பார்கள். கறுப்பாகவோ நீலமாகவோ மீன்பிடி நரம்பைப் போல வழவழப்பாக இருக்கும்.

ஒற்றை இழை என்பதுதான் இவற்றின் பலம். இழைகளைப் பின்னிச் செய்த நூலில், திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஈரமும் கிருமியும் இடுக்குகளுக்குள் ஏற வாய்ப்புண்டு. ஒற்றை இழையில் அந்த இடுக்கு இல்லை. தோலும் இதை அதிகம் எதிர்ப்பதில்லை. பட்டு நூலும் இந்த வகைதான் என்றாலும் அது பின்னல் நூல். தோலில் எரிச்சலையும் சற்று அதிகம் உண்டாக்கும் என்பதால், வெளித்தோல் காயங்களுக்கு இப்போது நைலானையே அதிகம் நாடுகிறார்கள்.

குறை என்ன? இன்னொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பெரியவர்களுக்கு அரை நாள் லீவு, அன்றாடக் கூலிக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாள் சம்பளம். சின்னக் குழந்தை என்றால், கத்தரிக்கோலைப் பார்த்ததுமே அழுகை ஆரம்பித்துவிடும். பிரிப்பது பெரும்பாலும் எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும். ஆனால், அதைக் குழந்தைக்குச் சொல்லிப் புரியவைப்பது பெரிய பாடு.

கரையும் தையல்

இந்த நூல் உடம்புக்குள் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து மறைந்துவிடும். இதில் இரண்டு வகை உண்டு.

முதலாவது, கேட்கட். பெயரில் பூனை இருந்தாலும் பூனைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆடு, மாடுகளின் குடலிலிருந்து எடுக்கப்படும் இழை இது. நம் உடம்பு இதை ஒரு புரதமாகப் பார்த்து, செரிமானம் செய்வதுபோலவே நொதிகளால் அரித்துவிடுகிறது. இதனால் அந்த இடத்தில் சற்றுச் சிவப்பும் வீக்கமும் அதிகம் தெரியலாம். மாட்டு நோய் குறித்த அச்சத்தால் 2001 வாக்கில் ஐரோப்பா இதைக் கைவிட்டது. வேறு பல நாடுகளில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. விலங்கிலிருந்து எடுத்த பொருள் வேண்டாம் என்று நினைப்பவர்கள் தையல் போடும் முன்பே சொல்லிவிடலாம். மாற்று நூல்கள் நிறையவே உள்ளன.

இரண்டாவது, செயற்கை நூல். பாலிகிளாக்டின் என்ற பொருளால் ஆன விக்ரில் இதில் பிரபலமானது. இதை அரிக்க நொதிகள் தேவையில்லை. உடம்பில் உள்ள நீரே இதன் கண்ணிகளை ஒவ்வொன்றாக உடைத்துவிடுகிறது. கடைசியில் மிஞ்சுவதைத் தண்ணீராகவும் கரியமில வாயுவாகவும் உடம்பு வெளியேற்றிவிடும். கேட்கட்டைவிட எரிச்சலும் குறைவு.

இங்கே பலரும் குழம்பும் விஷயம் ஒன்று இருக்கிறது. நூல் ‘பிடிமானத்தை இழப்பது’ வேறு, ‘முழுதாக மறைவது’ வேறு. சாதாரண விக்ரில் நூல் 3 வாரம் ஆகும்போது பாதிப் பிடிமானத்தோடு இருக்கும். முழுதாக மறைய 56 முதல் 70 நாள்கள் பிடிக்கும். அதே விக்ரிலில் சீக்கிரம் கரையும் வகையும் உண்டு. அது 5 நாளிலேயே பாதிப் பிடிமானத்தை இழந்து, 10 முதல் 14 நாளுக்குள் பிடிமானமே இல்லாமல் போய்விடும். சீக்கிரம் கரையும் கேட்கட் ஒரு வாரத்துக்குள்ளேயே தளர்ந்துவிடும்.

ஆகவே ‘கரையும் தையல்’ என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எத்தனை நாளில் கரையும் தையல் என்பதுதான் முக்கியம். வெளித்தோலில் போடும்போது, குறிப்பாக முகத்தில், சீக்கிரம் கரையும் வகையே ஏற்றது.

இன்னொன்று, தோலுக்கு வெளியே தெரியும் முடிச்சு கண்ணெதிரே கரைந்து காணாமல் போகாது. உள்ளே இருக்கும் பகுதி கரைந்ததும், வெளியே இருக்கும் துண்டு குளிக்கும்போதோ துடைக்கும்போதோ தானாக உதிர்ந்துவிடும். ‘தையல் அவிழ்ந்துபோச்சே’ என்று பதற வேண்டியதில்லை. காயத்தின் ஓரங்கள் ஒட்டியிருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

எறும்பிலிருந்து நைலான் வரை

தையலின் கதை பழையது. சுஸ்ருத சம்ஹிதை, காயம் தைக்கச் சணல், ஆளி நார், மரப்பட்டை நார், தசைநார், முடி ஆகியவற்றைப் பட்டியலிடுகிறது. குடல் கிழிந்தால், கிழிசலின் ஓரங்களைப் பெரிய கறுப்பு எறும்புகளைக் கடிக்கவைத்து, உடலைக் கிள்ளி எறிந்துவிட்டுத் தலையை மட்டும் விட்டுவிடும் முறையையும் சொல்கிறது. வயிற்றுக்குள் விட்டதைத் திரும்பத் திறந்து எடுக்க முடியாது என்ற யோசனை அப்போதே இருந்திருக்கிறது.

1860-களில் பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர், கேட்கட்டைக் கார்பாலிக் அமிலத்தில் ஊறவைத்துக் கிருமி நீக்கிப் பயன்படுத்தினார். 1935-ல் நைலான் கண்டுபிடிக்கப்பட்டு, பிறகு தையல் நூலாகவும் மாறியது. 1970-களில் கரையும் செயற்கை நூல்கள் சந்தைக்கு வந்தன. ‘பிரிப்பதா, கரைவதா’ என்ற கேள்வி வெளித்தோலுக்கும் வந்தது இவற்றுக்குப் பிறகுதான். அதுவரை கரையும் நூல் என்றால் உள்ளுறுப்புகளுக்கும் ஆழமான அடுக்குகளுக்கும் என்றே பெரும்பாலும் இருந்தது.

தழும்பு எதில் அதிகம்?

எல்லோருக்கும் இருக்கும் பெரிய கவலை இதுதான். பெண் குழந்தையின் முகத்தில் காயம் என்றால் வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வியும் இதுதான்.

‘கரையும் நூலால் வெளித்தோலைத் தைத்தால் தழும்பு மோசமாக இருக்கும்’ என்ற கருத்து மருத்துவர்களிடமே நெடுங்காலம் இருந்தது. அதைச் சோதித்துப் பார்த்தார்கள். முகத்தில் வெட்டுக்காயத்தோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குச் சீக்கிரம் கரையும் கேட்கட், மற்றவர்களுக்கு நைலான் என்று குலுக்கல் முறையில் பிரித்துத் தைத்து, 3 மாதம் கழித்துத் தழும்பை ஒப்பிட்ட ஆய்வு 2008-ல் வெளியானது. இரண்டு தழும்புகளுக்கும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை.

2016-ல் இன்னும் பெரிய கணக்கு ஒன்று வந்தது. வெவ்வேறு இடங்களில் நடந்த 19 சோதனைகளின் முடிவுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். 1,700-க்கும் மேற்பட்ட நோயாளிகள். காயத்தில் தொற்று, காயம் பிளந்துகொள்வது, தழும்பின் தோற்றம், நோயாளியின் திருப்தி என எதிலும் இரண்டு வகை நூல்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

அதற்காக, எந்த நூலையும் எங்கும் போடலாம் என்று அர்த்தமில்லை. அந்தந்த இடத்துக்குப் பொருத்தமான நூலை, பொருத்தமான கனத்தில், நன்றாகக் கழுவிய காயத்தில் போட்டபோது கிடைத்த முடிவுகள் இவை.

அப்படியானால் தண்டவாளத் தழும்பு எப்படி வருகிறது?

சிலருக்குக் காயத்தின் கோட்டுக்குக் குறுக்கே, ரயில் தண்டவாளத்தின் கட்டைகள் மாதிரி, வரிசையாகக் கோடுகள் நிற்கும். ‘டாக்டர் சரியாகத் தைக்கவில்லை’ என்று நினைப்போம். பல நேரங்களில் காரணம், பிரிக்க வேண்டிய தையலை நாள் கடந்து பிரித்ததுதான்.

நூல் தோலுக்குள் நுழையும் ஓட்டையையும் உடம்பு ஒரு காயமாகவே பார்க்கிறது. ஒரு வாரம் தாண்டினால், மேல்தோல் செல்கள் நூலைச் சுற்றி அந்த ஓட்டைக்குள்ளும் இறங்கி வளர ஆரம்பிக்கும். பிறகு நூலை எடுத்தாலும் அந்தச் சுவடு நிரந்தரமாகிவிடும். மிகவும் இறுக்கிப் போட்ட தையலும் இதே தடத்தை விடும். மெதுவாகக் கரையும் நூலை வெளித்தோலில் போட்டு அப்படியே விட்டாலும் இதே கதைதான்.

முகத்தில் சீக்கிரம் பிரிக்கச் சொல்வது இதனால்தான். அங்கே ரத்த ஓட்டம் அதிகம், காயம் வேகமாக ஒட்டும். காலில் ரத்த ஓட்டம் குறைவு, இழுவையும் அதிகம். அதனால் கூடுதல் நாள்கள் தேவை.

பிரிக்கும் தையல்... எங்கே, எத்தனை நாளில்?

* முகம்: 3 முதல் 5 நாள்
* தலை: 7 முதல் 10 நாள்
* கை, மார்பு, வயிறு: 7 முதல் 10 நாள்
* கால்: 10 முதல் 14 நாள்
* மூட்டுகளின் மேல், உள்ளங்கை, பாதம்: 10 முதல் 14 நாள்

இது பொதுவான கணக்கு. சர்க்கரை நோய் உள்ளவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள், புகைபிடிப்பவர்கள், வயதானவர்கள் ஆகியோருக்குக் காயம் ஆறத் தாமதமாகும். அவர்களுக்கு மருத்துவர் தேதியைத் தள்ளி வைக்கலாம். ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாதித் தையலை முதலில் பிரித்து, மீதியைச் சில நாள் கழித்துப் பிரிப்பதும் உண்டு.

யாருக்கு, எந்த இடத்துக்கு எது?

பல காயங்களில் ‘இதுவா, அதுவா’ என்ற கேள்வியே எழுவதில்லை; இரண்டும் போடப்படும். ஆழமான வெட்டில், உள் அடுக்கைக் கரையும் நூலால் தைத்து இழுவையைக் குறைத்துவிட்டு, மேல்தோலை மெல்லிய நைலானால் மூடுவார்கள். மேலே உள்ளதைச் சில நாளில் பிரித்த பிறகும், உள்ளே உள்ளது சில வாரங்கள் காயத்தைத் தாங்கிப் பிடிக்கும்.

சின்னக் குழந்தைகளுக்கு முகத்தில், தலையில், விரலில் ஏற்படும் சாதாரண வெட்டுக்குச் சீக்கிரம் கரையும் நூல் நல்ல தேர்வு. பிரிப்பதற்காகக் குழந்தையை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டிய நிலை வராது. திரும்ப வருவது சிரமம் என்கிற தூரத்து ஊர்க்காரர்களுக்கும், படுத்த படுக்கையாக உள்ள பெரியவர்களுக்கும் இதே காரணம் பொருந்தும். உதட்டின் உள்பக்கம், நாக்கு போன்ற இடங்களில் கரையும் நூலையே போடுவது வழக்கம். அங்கே நைலானைப் போட்டால் முனை குத்திக்கொண்டே இருக்கும், பிரிப்பதும் கஷ்டம்.

முழங்கால், முழங்கை, பாதம் போல அசைவும் இழுவையும் அதிகமுள்ள இடங்களில் நைலான் மாதிரி நின்று பிடிக்கும் நூலைப் பல மருத்துவர்கள் விரும்புவார்கள். சீக்கிரம் கரையும் நூல், காயம் வலுப்பெறும் முன்பே தளர்ந்துவிட்டால் ஓரங்கள் விலகக்கூடும். சீழ் பிடிக்கலாம் என்று சந்தேகம் உள்ள காயத்திலும் ஒற்றை இழை நைலான் வசதியானது. தேவைப்பட்டால் ஒரே ஒரு தையலை மட்டும் பிரித்துச் சீழை வெளியேற்றலாம்.

விலையிலும் வித்தியாசம் உண்டு. செயற்கைக் கரையும் நூல் பொதுவாக நைலானைவிட விலை அதிகம். ஆனால் பிரிப்பதற்கான போக்குவரத்து, சம்பள இழப்பு ஆகியவற்றைச் சேர்த்தால் கணக்கு மாறலாம். நைலான் போட்டுவிட்டார்கள் என்பதற்காக மட்டமான சிகிச்சை என்று நினைக்க வேண்டியதில்லை. சரியான நாளில் பிரித்தால், அதன் தழும்பும் மெல்லிய கோடாகத்தான் நிற்கும்.

நூலின் கனமும் முக்கியம். பாக்கெட்டில் 3-0, 4-0, 6-0 என்று எழுதியிருக்கும். எண் கூடக் கூட நூல் மெலியும். முகத்துக்கு 6-0 அல்லது 5-0, கை கால்களுக்கு 4-0, தலைக்கும் முதுகுக்கும் 3-0 என்பது பொதுவான வழக்கம்.

தையல் போடும் முன் நாம் செய்ய வேண்டியவை

சுத்தமான துணியால் காயத்தை 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். ‘நின்னுச்சா’ என்று நடுநடுவே எடுத்துப் பார்த்தால், உறைய ஆரம்பித்த ரத்தம் மறுபடி கசியும். ரத்தம் நின்றதும் ஓடும் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். ரத்தம் பீறிட்டு அடித்தாலோ, அழுத்தியும் நிற்காவிட்டாலோ கழுவுவதற்காகக் காத்திருக்க வேண்டாம். அழுத்திப் பிடித்தபடியே கிளம்புங்கள்.

மஞ்சள்தூள், காபித்தூள், சுண்ணாம்பு, டூத்பேஸ்ட்... எதுவும் வேண்டாம். ரத்தம் நின்றதுபோலத் தெரியும். ஆனால் தைப்பதற்கு முன் அந்தத் தூளை ஒவ்வொரு துகளாகக் கழுவி எடுக்க வேண்டியிருக்கும். உள்ளே தங்கிய துகள் சீழுக்கும், தோலில் நிற்கும் கறைக்கும் காரணமாகலாம்.

அன்றைக்கே போய்விடுங்கள். நேரம் ஆக ஆகக் கிருமி பெருகும். ‘நாளைக்குக் காலையில பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போட்ட காயத்தைச் சில நேரம் தைக்க முடியாமலே போகலாம்.

கையில், விரலில் வெட்டு என்றால், விரல் எல்லாப் பக்கமும் மடங்கி நீள்கிறதா, நுனியில் உணர்ச்சி இருக்கிறதா என்று மரத்துப்போகும் ஊசி போடும் முன்பே பார்க்கச் சொல்லுங்கள். தசைநாரோ நரம்போ அறுந்திருக்க, மேல்தோலை மட்டும் தைத்துவிட்டால் பிற்பாடு விரலை அசைப்பதே சிக்கலாகிவிடும். கண்ணாடி குத்திய காயம் என்றால் அதையும் சொல்லுங்கள். உள்ளே துண்டு இருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டியிருக்கலாம்.

கடைசியாக டெட்டனஸ் தடுப்பூசி போட்டது எப்போது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 10 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தாலும், மண்ணும் அழுக்கும் பட்ட காயமாக இருந்து 5 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தாலும் மறுபடி போட வேண்டியிருக்கும்.

நாய் கடித்தால் தையலுக்கு அவசரப்பட வேண்டாம்

நாய்க்கடி கிழிசலைப் பார்த்ததும் ‘உடனே தையல் போடுங்க’ என்று கேட்கத் தோன்றும். ஆனால் கூடியவரை உடனே தைக்கக் கூடாத காயம் இது. ஊசி நுழையும் ஒவ்வோர் இடத்திலும் ரேபிஸ் கிருமி இன்னும் ஆழத்துக்குப் போகக்கூடும். முதல் வேலை, சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவது. அடுத்தது தடுப்பூசி. ஆழமான கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் செலுத்த வேண்டும். முகம் கிழிந்து, தைத்தே ஆக வேண்டும் என்ற நிலை இருந்தால், அந்த மருந்தைச் செலுத்தி, சில மணி நேரம் விட்டு, தளர்வாகச் சில தையல்கள் மட்டும் போடுவார்கள்.

தையலே தேவைப்படாத காயங்களும் உண்டு. சின்ன, நேரான, இழுவை இல்லாத வெட்டை மருத்துவப் பசையாலோ காகிதப் பட்டையாலோ ஒட்டிவிடலாம். தலையில் ஸ்டேப்ளர் போட்டு மூடுவதும் உண்டு. அதையும் பிரித்தாக வேண்டும். ஒட்டுகிற பசை என்றதும் கடையில் விற்கும் ஃபெவிக்விக்கை எடுத்துவிடாதீர்கள். மருத்துவப் பசை வேறு, அது வேறு.

வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

முதல் 24 மணி நேரம் காயம் நனையாமல் இருக்கட்டும். அதன் பிறகு, மருத்துவர் வேண்டாம் என்று சொல்லாதவரை, தண்ணீர் விட்டு லேசாகக் கழுவி, ஒற்றித் துடைக்கலாம். தேய்க்கக் கூடாது. தையல் பிரிக்கும் வரை குளம், கிணறு, நீச்சல்குளத்தில் ஊற வேண்டாம்.

‘கத்தரிக்காய் சாப்பிடாதே, முட்டை கூடாது, மீன், கருவாடு பக்கமே போகாதே, சீழ் வைக்கும்’ என்று வீட்டில் சொல்வார்கள். ஒவ்வாமை இருந்தால் ஒழிய இவற்றால் காயத்தில் சீழ் வைக்காது. புதிய திசுவைக் கட்ட உடம்புக்குப் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, பால், கொண்டைக்கடலை எல்லாம் அந்த நாள்களில் நல்லவைதான். வைட்டமின் சி-க்கு நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை எடுத்துக்கொள்ளலாம். சர்க்கரை நோயாளிகள் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைத்திருந்தாலே பாதிக் கவலை தீரும்.

இவற்றில் ஏதாவது தெரிந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே போய்க் காட்டுங்கள்:

* இரண்டாவது நாளுக்குப் பிறகும் வலி கூடிக்கொண்டே போவது
* சிவப்பும் வீக்கமும் சுற்றிலும் பரவுவது
* சீழ், கெட்ட வாடை, காய்ச்சல்
* காயத்தின் ஓரங்கள் விலகுவது

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

*தையலை வீட்டிலேயே பிரிக்கலாமா?*

வேண்டாம். முடிச்சைத் தூக்கி, தோலை ஒட்டிய இடத்தில் ஒரு பக்கம் மட்டும் வெட்டி, வெளியே இருந்த அழுக்கான நூல் உள்ளே போகாத மாதிரி இழுப்பார்கள். ஷேவிங் பிளேடால் முடிச்சை அறுத்து இழுத்தால், வெளியே இருந்த கிருமி தோலுக்குள் போய்விடும். பாதி நூல் உள்ளேயே நின்றுவிடவும் வாய்ப்புண்டு. தைத்த ஆஸ்பத்திரிக்கே போக முடியாவிட்டால், சீட்டை எடுத்துக்கொண்டு அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம்.

*பிரிக்க மறந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. என்ன செய்வது?*

இனியும் தள்ளாமல் இன்றே போங்கள். நூல் தோலில் புதைந்திருந்தாலும் எடுத்துவிட முடியும். விட்டுவைத்தால் தடமும் தொற்றும்தான் மிச்சம்.

*கரையும் தையல் போட்டு மாதம் ஒன்றாகிவிட்டது. காயத்தில் பரு மாதிரி வந்து வெள்ளை நூல் எட்டிப் பார்க்கிறதே?*

உள்ளே போட்ட முடிச்சு முழுதாகக் கரையும் முன் உடம்பு அதை வெளியே தள்ளுகிறது. சிலருக்கு இப்படி நடக்கும். பிடித்து இழுக்காதீர்கள். மருத்துவர் அந்த முனையை நறுக்கி எடுத்துவிடுவார். கரையும் நூல் ‘சீழ் வைக்கும்’ என்ற பேச்சுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

*தழும்பு எப்போது மங்கும்?*

முதல் சில மாதங்கள் சிவந்து, தடித்துத்தான் இருக்கும். முழுதாக அடங்க ஒரு வருடம்கூட ஆகலாம். அதுவரை அந்த இடத்தில் நேரடி வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் கறுத்துப்போவது குறையும். தழும்பு காயத்தின் எல்லையைத் தாண்டி மேடாக வளர்ந்தால் அது கீலாய்டு. மார்பு, தோள்பட்டை, காது மடல் ஆகிய இடங்களில் அதிகம் வரும். குடும்பத்தில் யாருக்காவது அப்படி இருந்தால், தையல் போடும்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்...

மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு வாருங்கள். வெளியே தெரிவது கரையும் தையலா, பிரிக்கும் தையலா? பிரிக்க வேண்டும் என்றால் எந்தத் தேதியில்? கரையும் என்றால், எத்தனை நாளுக்கு மேல் உதிராமல் இருந்தால் திரும்ப வந்து காட்ட வேண்டும்?

பதிலைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அந்தச் சீட்டை அங்கேயே போனில் ஒரு போட்டோ எடுத்து, தேதிக்கு அலாரமும் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்புங்கள்.